ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம்? பி.பார்ம் முதலாண்டுப் பாடங்கள் குறித்து

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும், மருத்துவமனை மருந்தகத்தில் பணிபுரியும் என்னிடம் தெரிந்தவர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். மருந்தாளுநர் பட்டப்படிப்பான பி.பார்மில் சேர்க்கலாமா என்பது அவர்களுடைய முதல் கேள்வி. சேர்த்துச் சில மாதங்கள் ஆனதும் அவர்களே திரும்ப வந்து, "சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு எலும்பு, நரம்பு, வேதியியல், கணக்கு எல்லாம் எதற்குங்க? பிளஸ் டூவில் படித்ததையே மறுபடியும் படிக்கிறான்" என்று வருத்தப்படுகிறார்கள். பிள்ளைகளும் அதையே நம்பிவிடுவதுதான் என் கவலை. முதல் இரண்டு பருவங்களை எப்படியாவது தாண்டிவிட்டால் போதும், மருந்து உடலில் செயல்படும் விதத்தைச் சொல்லும் பார்மகாலஜி வரும்போது அக்கறையாகப் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்த மாணவர்கள், பயிற்சிக்காக எங்களிடம் வரும்போது தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் அந்த முதல் இரண்டு பருவங்களுக்கு உரியவையாகவே இருக்கின்றன.

1948-ஆம் ஆண்டுப் பார்மசி சட்டத்தின் கீழ் அமைந்த இந்திய பார்மசி கவுன்சில் வகுத்த பாடத்திட்டத்தின்படி பி.பார்ம் படிப்பு நான்கு ஆண்டுகள், எட்டுப் பருவங்கள். முதல் பருவத்தில் உடற்கூறு மற்றும் உடலியங்கியலின் முதல் பகுதி, மருந்துப் பகுப்பாய்வு, மருந்துகளைத் தயாரிக்கும் முறைகளைச் சொல்லும் பார்மசூட்டிக்ஸ், கனிம வேதியியல், தொடர்புத் திறன் ஆகியவை உள்ளன. உயிரியல் படிக்காமல் வந்தவருக்கு உயிரியலும், கணிதம் படிக்காமல் வந்தவருக்குக் கணிதமும் ஈடுசெய்யும் பாடங்களாக உண்டு. இரண்டாம் பருவத்தில் உடற்கூறு தொடர்கிறது. அத்துடன் கரிம வேதியியல், உயிர்வேதியியல், நோய்க்குறிகளின் உடலியங்கியல், கணினிப் பயன்பாடு, சுற்றுச்சூழல் அறிவியல் ஆகியவை சேர்கின்றன. பட்டியலாகப் பார்த்தால் பள்ளிப் பாடங்களின் நீட்சி போலத்தான் தோன்றும். மருந்தகச் சாளரத்தின் உள்பக்கம் நின்று பார்ப்பவருக்கு அப்படித் தோன்றாது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், காய்ச்சல் நோயாளிகள் வரிசையாக நின்ற ஒரு மாலை, எட்டு மாதப் பேரனைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். குழந்தை மருத்துவர் எழுதியிருந்த பாராசிட்டமால் சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு, "முன்னாடி குடுத்த பாட்டில்ல சொட்டுக் குழாய் உடைஞ்சு போச்சுப்பா. இதையும் நான் ஸ்பூன்லயே ஊத்திக் குடுத்துடறேன், எவ்வளவுன்னு மட்டும் சொல்லு" என்றார். பயிற்சியில் இருந்த மாணவர் சற்றும் தயங்காமல், "ஒரு ஸ்பூன், பாட்டி" என்றார்.

நான் பாட்டிலை வாங்கி அவர் கையில் கொடுத்து, "தம்பி, லேபிளைப் படித்துவிட்டு மறுபடியும் சொல்லுங்கள்" என்றேன். ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் என்று அதில் அச்சிட்டிருந்தது. குழந்தையின் எடை 8 கிலோ. பாராசிட்டமாலை ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். அதன்படி அந்தக் குழந்தைக்கு 80 முதல் 120 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர். சீட்டிலும் ஒரு மில்லிலிட்டர் என்றே இருந்தது. ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லிலிட்டர். அதில் 500 மில்லிகிராம் இருக்கும். அது வளர்ந்தவர் போட்டுக்கொள்ளும் ஒரு முழு மாத்திரையின் அளவு. காய்ச்சல் குறையாமல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு நாள் கொடுத்திருந்தால் அந்தச் சிறிய கல்லீரல் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த மாணவர் என்னைவிட நன்றாகவே எழுதுவார். பார்மகாலஜி தேர்வில் அவர் நல்ல மதிப்பெண் எடுத்தவர். ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சை எடுத்து, ஒரு மில்லிலிட்டர் கோட்டில் பேனாவால் அடையாளமிட்டு, பாட்டியையே ஒரு முறை தண்ணீரை உறிஞ்சிக் காட்டச் சொல்லி அனுப்பினோம்.

அதே மருந்து அதே அலமாரியில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் என்றும், 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் என்றும் வேறு இரண்டு பாட்டில்களில் இருக்கிறது. அட்டைப் பெட்டியில் குழந்தையின் சிரித்த முகமும் பழத்தின் படமும் ஒன்று போலவே இருக்கும். இவற்றைப் பிரித்தறிய வேண்டிய கணக்கில் பெருக்கல், வகுத்தலுக்கு மேல் எதுவும் இல்லை. பார்மசூட்டிக்ஸ் முதல் தாளில் சதவீதக் கரைசல், மருந்தளவியல், அலகு மாற்றம் என்ற தலைப்புகளில் வருவது இதுவே. வயதை, வயதோடு பன்னிரண்டைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்கும் யங் விதியை அங்கே சொல்லித் தருகிறார்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு அது வளர்ந்தவர் அளவில் கால் பங்கைக் காட்டும். இன்று நாங்கள் எடையைக் கொண்டே கணக்கிடுகிறோம் என்பதால் அந்த விதி பழையதாகிவிட்டது. ஆனாலும் குழந்தை என்பது சிறிய உருவம் கொண்ட பெரியவர் அல்ல என்ற எண்ணம் முதன்முதலில் மாணவர் மனத்தில் பதிவது அங்கேதான்.

2020 மார்ச்சில் கைக்கிருமிநாசினி எங்கும் கிடைக்காமல் போனபோது, உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறையைப் பின்பற்றி நாங்களே தயாரித்தோம். ஒரு லிட்டருக்கு 96 சதவீத எத்தனால் 833.3 மில்லிலிட்டர், 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 41.7 மில்லிலிட்டர், 98 சதவீத கிளிசரால் 14.5 மில்லிலிட்டர், மீதி கொதிக்கவைத்து ஆறிய நீர். முடிவில் கிடைப்பது 80 சதவீத எத்தனால். ஆனால் அன்று எங்களுக்குக் கிடைத்த எத்தனால் ஒரு டிரம்மில் ஒரு செறிவும் அடுத்த டிரம்மில் வேறு செறிவுமாக இருந்தது. வெவ்வேறு செறிவுள்ள இரண்டு கரைசல்களைக் கலந்து வேண்டிய செறிவைப் பெறும் அலிகேஷன் கணக்கை, முதல் பருவத்துக்குப் பிறகு கையால் தொடாத பலர் அன்று தாளும் பேனாவும் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தோம். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த கட்டம் அது.

மருந்துச் சீட்டைப் படிப்பதும் முதல் பருவத்துப் பாடம்தான். ஓ.டி என்றால் நாளுக்கு ஒரு முறை, பி.டி என்றால் இரு முறை, எச்.எஸ் என்றால் படுக்கைக்குப் போகும் நேரம் என்று ஒரு பட்டியலாக அதைக் கடந்துபோகிறார்கள். கண் மருத்துவப் பிரிவிலிருந்து வரும் சீட்டில் அதே ஓ.டி 'வலது கண்' என்ற பொருளில் இருக்கலாம். சீட்டைத் தவறாகப் படித்து, மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு முறை போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நாள்தோறும் போட்டுக்கொண்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகக்கூடும். ஐயம் வந்தால் சீட்டு எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் துணிவையும், அதைப் பணிவாகக் கேட்கும் சொற்களையும் மாணவர் பெற வேண்டிய இடம் தொடர்புத் திறன் வகுப்பு. அதை ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியாக மட்டும் நடத்துவது எனக்கு உடன்பாடில்லை. பாட்டிக்குத் தமிழில் விளங்க வைப்பதுதான் இத்தொழிலின் கடினமான தொடர்பு.

ஆய்வகத்துக்கு வருகிறேன். பார்மசூட்டிக்ஸ் செய்முறையில் சிரப், லோஷன், களிம்பு, பொடி, ஆசனவாயில் வைக்கும் சப்போசிட்டரி ஆகியவற்றை மாணவர் தம் கையாலேயே செய்ய வேண்டும். லூகால் கரைசலை எடுத்துக்கொள்வோம்: 5 கிராம் ஐயோடின், 10 கிராம் பொட்டாசியம் ஐயோடைடு, 100 மில்லிலிட்டர் தண்ணீர். அவசரக்காரர் முழுத் தண்ணீரிலும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவார். கறுத்த ஐயோடின் துகள்கள் அடியிலேயே கிடக்கும். பொட்டாசியம் ஐயோடைடை மிகக் கொஞ்சம் தண்ணீரில் முதலில் கரைத்து, அந்தச் செறிந்த கரைசலில் ஐயோடினைப் போட்டால், சற்று நேரத்தில் துகள்கள் மறைந்து கரும்பழுப்பு நிறம் பரவும். அதன் பிறகே மீதித் தண்ணீர். இதை ஒரு முறை செய்து கையில் கறையோடு வீட்டுக்குப் போன மாணவர், கரைதிறன் என்ற சொல்லை மறக்க மாட்டார்.

கலமைன் லோஷனில் பென்டோனைட் என்ற களிமண்ணை ஏன் சேர்க்கிறோம் என்பதும் அப்படித்தான். அது இல்லாவிட்டால் துத்தநாக ஆக்சைடு விரைவாக அடியில் படிந்து இறுகிவிடும். படிவதைக் கண்ணால் பார்த்தவருக்கு, 'நன்கு குலுக்கிய பின் பயன்படுத்தவும்' என்ற வரி வெறும் சடங்கல்ல என்று புரியும். எங்களிடம் வரும் தாய்மார்களில் பலர், குழந்தைக்கான ஆன்டிபயாடிக் பொடியில் கோடு வரை தண்ணீர் ஊற்றி நன்கு குலுக்காமலேயே முதல் வேளையைக் கொடுத்துவிடுகிறார்கள். மேலே தெளிந்திருக்கும் நீரில் மருந்து குறைவு, அடியில் தங்கும் குழம்பில் அதிகம். முதல் நாட்களில் கிருமிக்குப் போதாத அளவும் கடைசி நாட்களில் தேவைக்கு மிஞ்சிய அளவும் போகின்றன. "குலுக்குங்கள்" என்று மட்டும் சொல்பவரும், பாட்டிலைச் சாய்த்து அடியைக் காட்டிச் சொல்பவரும் ஒரே பலனைத் தருவதில்லை.

அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்து வரும் மாணவர்களுக்கு இந்தப் பாடங்களில் முதல் தடை, பாடமல்ல, சொற்கள். ஈரத்தை உறிஞ்சும் பொடி, ஈரத்தை உறிஞ்சி அதிலேயே கரைந்துபோகும் பொடி, தன்னிடமுள்ள நீரைக் காற்றில் விட்டுப் பூத்துப்போகும் பொடி என்று மூன்று வகைகளுக்கு மூன்று நீண்ட ஆங்கிலச் சொற்கள் வருகின்றன. மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் கல் உப்பு நீர்விடுவதை அவர்கள் வீட்டில் பார்த்திருக்கிறார்கள். சுவரில் உப்புப் பூப்பதையும் பார்த்திருக்கிறார்கள். அந்த அறிவோடு புதிய சொல்லை முடிச்சுப் போட்டுத் தரும் ஆசிரியர் அமைந்தால் ஒரு மாதத்தில் தடை நீங்கிவிடும். மாத்திரை டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் எதற்கு, அதைத் தூக்கி எறிந்துவிட்டு மாத்திரைகளை வேறு டப்பாவில் கொட்டி வைத்தால் என்ன ஆகும் என்று நோயாளிக்குச் சொல்லப்போவதும் அவர்களே.

நான் மிகுந்த அழுத்தத்துடன் சொல்ல விரும்புவது கனிம வேதியியலில் வரும், மாசு அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் வரம்புச் சோதனைகளைப் பற்றி. ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடி உருளைகள். ஒன்றில் சோதிக்க வேண்டிய பொருள், மற்றதில் அனுமதிக்கப்பட்ட அளவு குளோரைடு. இரண்டிலும் நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் சேர்த்து, ஐந்து நிமிடம் கழித்துக் கருப்புப் பின்னணியில் வைத்து எதில் பால்போன்ற கலங்கல் அதிகம் என்று ஒப்பிட வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் முந்தைய ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து, உருளையைப் பார்க்காமலேயே 'தேறியது' என்று எழுதும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு ஒருவர் மருந்துத் தொழிற்சாலைக்குப் போனால் என்ன நேரும் என்பதற்கு நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை.

1937-இல் அமெரிக்காவில் சல்பனிலமைடு மருந்தை டை-எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பானில் கரைத்து விற்றதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகே 1938-இல் அங்கே புதிய மருந்துச் சட்டம் வந்தது. 2025 அக்டோபரில், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் அதே டை-எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்ததை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தது. அதைக் குடித்த, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதிச் சின்னஞ்சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த நஞ்சு நிறமற்றது, இனிப்பானது; மருந்துக்கு ஏற்ற கரைப்பான்களோடு கலந்தால் கண்ணும் நாக்கும் அதைக் கண்டுபிடிக்காது. அதைக் கண்டறியும் சோதனை வேறு. முதல் பருவத்து உருளைச் சோதனையால் அது பிடிபடாது. ஆனால் கண்ணை நம்பாமல் சோதிக்க வேண்டும், சோதித்ததை மட்டுமே எழுத வேண்டும் என்ற கைப்பழக்கம் தொடங்குவது அந்த இரண்டு உருளைகளில்தான். பதினெட்டு வயதில் பார்க்காததைப் பார்த்ததாக எழுதியவர், முப்பது வயதில் கரைப்பான் டிரம்மின் சான்றிதழில் கையெழுத்திட மாட்டார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

உடற்கூறு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது எதற்கு என்று கேட்பவர்களைவிட, மனப்பாடச் சுமை என்று அலுத்துக்கொள்பவர்களே அதிகம். மூக்குக் குழாய் வழியாக உணவு செல்லும் நோயாளியின் மகன், "பான்டோபிரசோல் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா?" என்று கேட்டால், வயிற்றின் அமிலத்தையும் அதைத் தாண்டி உள்ள குடலின் தன்மையையும் நினைவில் வைத்திருப்பவருக்கே, அமிலத்தில் கரையாதபடி மாத்திரைமேல் இட்ட பூச்சு உடைந்தால் மருந்து வயிற்றிலேயே சிதைந்துவிடும் என்று உடனே சொல்ல வரும். மருத்துவரிடம் பேசி, குழாய்க்கு ஏற்ற வேறு வடிவத்துக்கு மாற்றவும் தோன்றும்.

சேர்க்கைக்கு முன் கல்லூரியைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கட்டடத்தையும் பேருந்து வசதியையும் பார்த்த பிறகு, முதலாண்டு பார்மசூட்டிக்ஸ் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தராசுகள் வேலை செய்கின்றனவா, கல்வங்களும் அளவு உருளைகளும் மாணவர் எண்ணிக்கைக்குப் போதுமா, மேசையில் ஐயோடின் கறை இருக்கிறதா, தொட்டிகள் ஈரமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே இரண்டாம் ஆண்டு மாணவர் யாராவது நின்றால், சென்ற ஆண்டு அவர் கையால் செய்த தயாரிப்புகள் எவை என்று கேளுங்கள்.