மூன்றாம் நபரா, படர்க்கையா?

“இது ஒரு மூன்றாம் நபர் சுடும் விளையாட்டு.” அக்கா மகன் கைபேசியில் ஓடிய காணொளியில் ஒருவர் ‘தேர்ட் பர்சன் ஷூட்டர்’ என்பதைத் தமிழாக்கி இப்படி அறிமுகம் கொடுத்ததும் எனக்கு பைக் இன்சூரன்ஸ்தான் ஞாபகம் வந்தது. போன மாதம்தான் சிம்மக்கல்லில் ‘மூன்றாம் நபர் காப்பீடு’ புதுப்பித்துவிட்டு வந்திருந்தேன். அந்தத் தாளில் மூன்றாம் நபர் என்றால் என் வண்டி யார் மேல் மோதுமோ அந்த வழிப்போக்கன். அப்படியானால் இந்த ஆட்டத்தில் சும்மா ரோட்டில் போகிறவனைச் சுடுகிறார்களா?

மதுரைப் பேச்சிலும் மூணாவது மனுசன் என்றால் சம்பந்தமில்லாதவன். “வீட்டு விசயத்த மூணாவது மனுசன்கிட்ட ஏன் சொன்ன?” என்று சண்டையே நடக்கும். ஆட்டத்தில் திரையில் ஓடுகிறவனோ ஆடுகிறவனின் ஆள். சம்பந்தமே அவனுக்குத்தான். ‘முதல் நபர்’ இன்னும் மோசம்: வரிசையில் முன்னால் நிற்பவன் என்றே காதில் விழும். ‘முதல் நபர் சுடுபவர்’ என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். யாரோ போட்டியில் முதல் பரிசு வாங்கியது போல இருக்கிறது.

‘பர்சன்’ என்ற சொல்லின் பூர்வீகம் சின்னக் கதை. லத்தீனில் ‘பெர்சோனா’ நாடக முகமூடி. இலக்கணக்காரர்கள் அதை எடுத்து நான், நீ, அவன் என்ற பாகுபாட்டுக்கு வைத்தார்கள். அங்கிருந்து கதைசொல்லும் முறைக்குப் போய், பிறகு விளையாட்டுக்கு வந்தது. 1993-இல் வந்த டூம் போல, துப்பாக்கியும் பிடித்த கையும் மட்டும் தெரிந்தால் ஃபர்ஸ்ட் பர்சன். 1996-இல் வந்த டூம்ப் ரைடர் (Tomb Raider) போல, ஆளின் முதுகு தெரிந்தால் தேர்ட் பர்சன். ஆக இது இலக்கணச் சொல். ஆளை எண்ணுகிற சொல் இல்லை. மொழிபெயர்த்தவர் அகராதியில் ‘பர்சன்’ பார்த்தார், ‘நபர்’ என்று இருந்தது, போட்டுவிட்டார். அந்த நபரும் அரபியிலிருந்து வந்தவர். வந்தவர் இருக்கட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் கேமராவைப் ‘படப்பிடிப்புக் கருவி’ ஆக்கிவிட்டுத்தான் வாயைத் திறப்பேன் என்கிறவர்களும் ‘நபர்’ என்று வாய்நிறையச் சொல்வதைக் கேட்டால் சிரிப்பு வருகிறது.

நம் இலக்கணம் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறது? இடம். தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றும் மூவிடம். தொல்காப்பியமே இதை இடம் என்றுதான் சொல்கிறது. லத்தீன்காரன் முகமூடியைப் பார்த்தான், தமிழன் நிற்கிற இடத்தைப் பார்த்தான். விளையாட்டில் நாம் கேட்பதும் அதே கேள்விதான்: கேமரா எங்கே நிற்கிறது? ஆளின் கண்ணிலேயே நின்றால் தன்மை நோக்கு. ஆளை விட்டுத் தள்ளி நின்று அவனைப் பார்த்தால் படர்க்கை நோக்கு. ஆங்கிலச் சொல்லைவிட நம்முடையது ஒரு படி கூடுதலாகப் பொருந்துகிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு நபரைத் தேடிப் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

“அப்ப முன்னிலை?” என்று மடக்குவார்கள். அதுவும் இருக்கிறது. 2003-இல் வந்த சைரன் என்ற ஜப்பானிய ஆட்டத்தில் நம்மைத் தேடி வருகிறவனின் கண் வழியாகவே பார்க்கலாம். நாம் ஒளிந்திருப்பதும் அவன் பார்வையில் தெரியும். எதிரில் இருப்பவனின் கண், அதனால் முன்னிலை நோக்கு. ‘இரண்டாம் நபர்’ என்று சொல்லிப் பாருங்கள், ஒன்றும் விளங்காது.

ஒரு ஆட்சேபணை மட்டும் நியாயமானது. படர்க்கையில் ஆடும்போதும் பையன் “நான் செத்துட்டேன்” என்றுதான் கத்துகிறான், “அவன் செத்துட்டான்” என்பதில்லை. உண்மைதான். ஆனால் பெயர் கேமராவின் இடத்துக்கு. ஆடுகிறவன் மனசுக்கு இல்லை.

இதில் இன்னொரு குழப்பத்தையும் கட்டி வைத்திருக்கிறார்கள். கேமரா எங்கே நிற்கிறது என்பது ஒன்று. கண்டதை எப்படித் தட்டைத் திரையில் இறக்குகிறது என்பது வேறு. முதலாவது நோக்கு. இரண்டாவதுக்கு, பதினோராம் வகுப்பில் வெக்டர் படித்தவர்களுக்குத் தெரிந்த சொல்லே இருக்கிறது: வீழல். நாயக்கர் மகாலில் தூண் வரிசையின் ஒரு கோடியில் நின்று பாருங்கள். தூரத்துத் தூண் சிறுத்து, வரிசைகள் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கும். அது குவிவீழல். எங்கள் அம்மாச்சி வீட்டு முற்றத்து ஆத்தங்குடிக் கல்லில் பெட்டி அடுக்கியது போல ஒரு டிசைன் உண்டு. கறுப்பு, வெள்ளை, சாம்பல் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று முகம். அந்தக் கோடியில் வரைந்த பெட்டியும் இந்தக் கோடியில் வரைந்ததும் ஒரே அளவு. அது இணைவீழல். நீளம், அகலம், உயரம் என்ற மூன்று அச்சிலும் அளவு ஒன்றாகவே இருப்பதால், 1822-இல் வில்லியம் ஃபாரிஷ் கேம்பிரிட்ஜில் விளக்கி எழுதிய ஐசோமெட்ரிக் அதுதான். தமிழில் சமவச்சு வீழல் எனலாம். (‘ஓரளவு வீழல்’ என்றும் சொல்லிப் பார்த்தேன். ஓரளவுக்குத்தான் சரிப்படும் என்று விட்டுவிட்டேன்.)

சிம்சிட்டி 2000, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற இரண்டு கணினி ஆட்டங்களையும் எல்லோரும் ஐசோமெட்ரிக் என்பார்கள். கணக்குப்படி இல்லை. கோடு படிக்கட்டுப் போலப் பிசிறாமல் இருக்க, இரண்டு புள்ளி பக்கவாட்டில் போனால் ஒரு புள்ளி மேலே என்று வைத்தார்கள். சாய்வு 30 பாகை இருக்க வேண்டிய இடத்தில் சுமார் 26.6 ஆகிவிட்டது. அளவு மூன்று அச்சிலும் ஒன்றாக இல்லை. அதனால் ‘சமஅளவுப் பார்வை’ என்று பெயர்க்கிறவர்கள் ‘சமஅளவு’ என்பதிலும் தப்பு, ‘பார்வை’ என்பதிலும் தப்பு. வெறும் இணைவீழல் என்றால் போதும்.

உச்சியிலிருந்து பார்ப்பதை ‘மேற்பார்வை விளையாட்டு’ என்கிறார்களே, அதற்கு என்ன சொல்ல? பேக்மேன் என்ன கார்ப்பரேஷன் வேலையா பார்க்கிறான், கையில் நோட்டோடு ஒருவர் மேற்பார்வை பார்க்க? உச்சிவெயில் தலைக்கு நேர் மேலே அடிப்பது போல, உச்சிநோக்கு என்றால் தெருப்பையனுக்கும் புரியும்.

இவ்வளவையும் அக்கா மகனிடம் சொல்லிவிட்டு, “இப்ப நீ ஆடுறது என்ன?” என்றேன்.

“டிபிபி மாமா, தேர்ட் பர்சன். சுவத்துக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே அந்தப் பக்கம் பாக்கலாம். எஃப்பிபில, அதான் ஃபர்ஸ்ட் பர்சன்ல, தலைய நீட்டுனாத்தான் தெரியும், நீட்டுனா போட்டுருவாய்ங்க.”

“அதான்டா படர்க்கை.”

“அது தமிழ் பரீச்சைல வர்றதுல்ல?” என்றான், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.