மும்பை டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் ஏழைக்கான படுக்கை: கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

லீலாவதி, இந்துஜா, ஜஸ்லோக், பிரீச் கேண்டி. தாராவியில் இந்தப் பெயர்களைச் சொன்னால் "அதெல்லாம் சேட்டுங்க போற இடம்" என்பார்கள். சட்டப்படி இவை தர்ம ஆஸ்பத்திரிகள். அறக்கட்டளையின் பெயரில் பதிவாகி, அதற்கான சலுகைகளைப் பெற்று நடப்பவை. ஏழைகளுக்குப் படுக்கை ஒதுக்குவது இவர்கள் மனம் வைத்துச் செய்யும் உதவி இல்லை, கட்டாயம்.

சட்டக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்தில் 41ஏஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்த பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு திட்டம் வகுத்தது. 2006 செப்டம்பர் 1 முதல் அது அமலில் இருக்கிறது. மொத்தப் படுக்கைகளில் 10 சதவீதம் ஏழைகளுக்கு இலவசம், இன்னொரு 10 சதவீதம் நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணம். இந்தச் செலவுக்காக மற்ற நோயாளிகளின் பில் தொகையில் 2 சதவீதத்தை ஆஸ்பத்திரி தனி நிதியாக ஒதுக்க வேண்டும்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய்க்குள் இருந்தால் முதல் பிரிவு, அதாவது இலவசம். 3,60,000 ரூபாய் வரை இரண்டாவது பிரிவு, அதாவது சலுகைக் கட்டணம். இங்கேதான் முதல் பொறி. கணக்கில் வருவது குடும்ப வருமானம், நோயாளியின் வருமானம் மட்டும் அல்ல. தோல் பட்டறையில் கணவருக்கு மாதம் 14,000, வீட்டுவேலை செய்யும் மனைவிக்கு 4,000 என்றால் முதல் பிரிவைத் தாண்டியாகிவிட்டது. "இலவசம்னு சொன்னாங்களே" என்று அப்புறம் கவுண்டரில் நின்று அழுது பயனில்லை. இரண்டாவது பிரிவில் பில் மிகக் குறைந்த வகுப்புக் கட்டணத்தில் போடப்படும். மருந்து, இம்ப்ளான்ட் (உடலுக்குள் பொருத்தும் கருவி) எல்லாம் ஆஸ்பத்திரி வாங்கிய விலைக்குத்தான். ஆனால் அந்த மருந்துச் செலவில் பாதியாவது நீங்கள் கட்ட வேண்டும். அந்தப் பாதிக்குப் பணம் தயாராக இருக்கட்டும்.

ஆதாரமாகத் தாசில்தாரின் வருமானச் சான்று, அல்லது ரேஷன் கார்டு அல்லது வறுமைக்கோட்டு அட்டை, இவற்றில் ஒன்று போதும் என்பதுதான் விதி. கவுண்டரில் எல்லாவற்றையும் கேட்பார்கள். நம் ஆட்கள் பலருக்கு ரேஷன் கார்டு இன்னும் திருநெல்வேலியில் அண்ணன் வீட்டில் கிடக்கிறது. அதைக் கொண்டுபோய் நீட்டினால் தட்டிக்கழிக்க நல்ல சாக்கு. மும்பை முகவரியில் கார்டு இல்லாதவர்கள் நோய் வருவதற்கு முன்பே சேது கேந்திரத்தில் (அரசுச் சான்றிதழ்களுக்கு மனுப் போடும் மையம்) மனுப் போட்டு வருமானச் சான்று வாங்கி வையுங்கள். அது எதுவரை செல்லும் என்று அதிலேயே ஒரு தேதி அச்சாகியிருக்கும், பெரும்பாலும் மார்ச் 31. ஏப்ரலில் நோயாளியைச் சேர்த்துவிட்டுப் பழைய சான்றைக் காட்டித் திரும்பி வந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இனி ஆஸ்பத்திரிக்கு உள்ளே. நீங்கள் பார்க்க வேண்டிய ஆள் பில்லிங் கவுண்டரில் இல்லை. மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார், 'சோஷியல் வொர்க்கர்' என்று கேட்டால் காட்டுவார்கள். உங்கள் தாள்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. முதலில் அவரிடம் போங்கள், அப்புறம்தான் அட்மிஷன் படிவம். அந்தப் படிவத்தில் ஜெனரல் (பொது வார்டு), ட்வின் ஷேரிங் (இருவர் தங்கும் அறை) என்று வகுப்புக்கு ஒரு கட்டம் இருக்கும். கீழே, செலவு முழுவதையும் நானே ஏற்கிறேன் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். பதற்றத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்றாம் நாள் தர்மப் படுக்கை கேட்டால், "நீங்கதான் பணம் கட்டுறதா எழுதிக் கொடுத்தீங்களே" என்று அதே தாளைத் திருப்பிக் காட்டுவார்கள்.

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, "பெட் காலி இல்லை". இன்னொன்று, "ஃபண்ட் தீர்ந்துவிட்டது". இரண்டையும் வாயால்தான் சொல்வார்கள், எழுதிக் கேட்டால் மேனேஜர் மீட்டிங்கில் இருப்பார். அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அரசு அதிகாரியான தர்ம ஆணையரின் (சாரிட்டி கமிஷனர்) இணையதளத்தில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் எத்தனை தர்மப் படுக்கை காலி என்று போடுகிறார்கள். கேட்கப் போகும் முன் அந்தப் பக்கத்தைத் தேதி, நேரத்தோடு மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 300 படுக்கை உள்ள இடத்தில் 30 இலவசமாக இருந்தாக வேண்டும். அந்த 30-இல் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

உயிர் போகும் அவசரம் என்றால் இந்தத் தாள் விவகாரம் எதுவும் குறுக்கே வரக்கூடாது. உடனே சேர்த்து, நிலைமை சீராகும்வரை சிகிச்சை தர வேண்டும். முன்பணம் கேட்கக்கூடாது. அதன்பிறகு தேவைப்பட்டால் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம், அதற்கு வண்டி ஏற்பாடு செய்வதும் அவர்கள் பொறுப்பு. ஆட்டோவிலேயே சயான் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்வது விதிமீறல். 2025-இல் புணேயில் ஒரு கர்ப்பிணியிடம் 10 லட்சம் முன்பணம் கேட்டதாகக் குடும்பத்தார் புகார் சொல்லி, பின்னர் அவர் இறந்தபோது மாநிலமே கொதித்தது. விதி என்னவோ 2006-லிருந்தே இருக்கிறது.

மறுத்தால் வொர்லியில் உள்ள தர்ம ஆணையர் அலுவலகத்துக்குப் புகார் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்: நோயாளி பெயர், தேதி, நேரம், மறுத்தவர் எந்தப் பொறுப்பில் இருப்பவர், என்ன சொன்னார். மராத்தி தெரிந்த பிள்ளை யாராவது எழுதினால் வேலை வேகமாக நடக்கும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் 'இன்வர்ட்' (பெற்றுக்கொண்டோம் என்ற) முத்திரையும் எண்ணும் வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். அந்த எண் இல்லாவிட்டால் அடுத்த தடவை போகும்போது உங்கள் புகார் வரவே இல்லை என்பார்கள். நோயாளி உள்ளே இருக்கும்போதே கொடுங்கள், டிஸ்சார்ஜ் ஆகிப் பணமும் கட்டிய பிறகு அதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

கடைசியாக ஒன்று. ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் "தர்மப் படுக்கை வாங்கித் தருகிறேன், ஐயாயிரம் கொடு" என்று அணுகும் ஆட்கள் உண்டு. இந்தத் திட்டத்துக்கு எந்தக் கட்டணமும் கிடையாது. அசல் ரேஷன் கார்டை அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.