ரோமில் நடக்கப் போகிறீர்களா? கூட வரப்போவது யார் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

ஜூன் மாதம், மதியம் ஒன்றரை மணி. கோவையில் என் அலுவலகத்தில் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் ரோமிலிருந்து போன் வந்தது. பொள்ளாச்சிக் குடும்பம்: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பிள்ளைகளின் அம்முச்சி. விமானமும் ஹோட்டலும் நான் போட்டுக் கொடுத்தவை. கொலோசியம் என்கிற பழைய ரோமானிய அரங்கத்துக்கு மட்டும் அவர்களே இணையத்தில் 'எக்ஸ்பர்ட் கைடு, ஸ்மால் க்ரூப்' என்று பார்த்து புக் செய்திருந்தார்கள். பேசியது அம்முச்சிதான்.

"கண்ணு, கைடுன்னு வந்த பையன் டிக்கெட்டைக் கையில குடுத்துட்டு, அதோ வாசல்னு காட்டிட்டுப் போயிட்டான். உள்ள போயி நாங்க யாருகிட்டக் கேக்கறது?"

அன்று சாயங்காலம் அந்த புக்கிங் பக்கத்தை வரி வரியாகப் படித்தேன். எல்லாமே எழுதித்தான் இருந்தது. தலைப்பில் பெரிய எழுத்தில் 'எக்ஸ்பர்ட்', கீழே எங்கோ சின்ன எழுத்தில் 'ஹோஸ்டட் என்ட்ரி'. ஒருவர் வந்து டிக்கெட்டைக் கொடுப்பார், எந்த வரிசையில் நிற்பது என்று காட்டுவார், உள்ளே வரமாட்டார் என்பதுதான் அதன் பொருள். அரசு டிக்கெட்டின் விலையைப் போல மூன்று மடங்கு கொடுத்து அவர்கள் வாங்கியது இதைத்தான்.

14 வருடமாகக் குடும்பங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வருகிறேன். விமானத்தில் சீட் எங்கே, ஹோட்டலில் காலைச் சாப்பாடு உண்டா என்று நூறு கேள்வி கேட்பவர்கள், ஊரைக் காட்டப் போகிறவர் யார் என்று கேட்பதே இல்லை. ரோம் போன்ற ஊரில் அந்தக் கேள்விதான் முதலில் வரவேண்டும். தூண் தூணாக, கல் கல்லாகக் கிடக்கிற ஊர் அது. சொல்ல ஆள் இல்லாவிட்டால் வெயிலில் மூன்று மணி நேரம் நடந்ததுதான் மிச்சம்.

முதலில் 'ஸ்கிப் த லைன்' என்ற வார்த்தை. வரிசையே கிடையாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். டிக்கெட் வாங்குகிற வரிசையைத்தான் அது தாண்ட வைக்கும். கொலோசியமோ வத்திக்கான் அருங்காட்சியகமோ, பையைச் சோதிக்கிற பாதுகாப்பு வரிசையில் எல்லோரும்தான் நிற்கவேண்டும். முன்கூட்டியே டிக்கெட் எடுத்த யாருக்கும் டிக்கெட் வரிசை இல்லை. ஆகவே அந்த வார்த்தைக்காகத் தனியாகப் பணம் கொடுக்கவேண்டியதில்லை.

கொலோசியத்தின் அதிகாரபூர்வ டிக்கெட் 30 நாளுக்கு முன்புதான் திறக்கும். சாதாரண டிக்கெட் 2025-இல் 18 யூரோ. அதிலேயே பண்டைய ஊரின் நடுச்சதுக்கமான ரோமன் ஃபோரமும், அதை ஒட்டிய பாலடைன் குன்றும் அடங்கும். 18 வயது நிரம்பாதவர்களுக்கு இலவசம். அரங்கின் அடித்தளத்துக்குப் போகிற டிக்கெட் வேறு, எண்ணிக்கை மிகக் குறைவு. பல வருடமாக இந்த டிக்கெட்டுகள் திறந்த வேகத்திலேயே காணாமல் போய்க்கொண்டிருந்தன. இத்தாலியின் போட்டி ஆணையம் விசாரித்து, தானியங்கி மென்பொருள் வைத்து அள்ளிக்கொண்ட சுற்றுலா நிறுவனங்களுக்கும், அதைத் தடுக்காத டிக்கெட் விற்பனை நிறுவனத்துக்கும் சேர்த்து 2025 ஏப்ரலில் கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் போட்டது. 'இன்றைக்கு எங்கும் டிக்கெட் இல்லை, எங்களிடம் மட்டும் இருக்கிறது' என்று ஒரு தளம் அவசரப்படுத்தினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் பெயர் போடுவதில் நம் ஆட்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். 2023 அக்டோபரிலிருந்து கொலோசியம் டிக்கெட்டில் ஒவ்வொருவரின் பெயரும் இருக்கும். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். நமக்கோ முன்னால் ஓர் எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். மனைவிக்குக் கணவர் பெயர், பிள்ளைக்கு அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். கைடு நிறுவனத்துக்குப் பெயர் அனுப்பும்போது பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே அனுப்புங்கள். வீட்டில் கூப்பிடுகிற பெயர், ஆதார் பெயர் எதுவும் வேண்டாம். எல்லோருடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் படம் எடுத்து, அதைப் பார்த்துத்தான் நான் தட்டச்சு செய்கிறேன்.

அடுத்தது 'ஸ்மால் க்ரூப்'. இதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவு எதுவும் இல்லை. ஆறு பேரும் ஸ்மால் க்ரூப், இருபத்தைந்து பேரும் ஸ்மால் க்ரூப். எத்தனை பேர் என்று எண்ணாகக் கேளுங்கள். 'அதிகபட்சம் எட்டு' என்று எழுத்தில் வந்தால் நம்பலாம். 'வழக்கமாகக் குறைவாகத்தான் இருக்கும்' என்று வந்தால் விட்டுவிடுங்கள்.

இந்த எண்ணில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. பத்துப் பேருக்கு மேல் போனால் காதில் இயர்போன் மாட்டுவார்கள். கைடு ஒரு சிற்பத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருப்பார். கடைசியில் வருகிறவர் அப்போதுதான் முந்தின கூடத்தைத் தாண்டுவார். குரல் காதில் கேட்கும், பொருள் கண்ணில் படாது. மூத்தவர்களும் குழந்தைகளும்தான் எப்போதும் கடைசியில் வருவார்கள். கேள்வி கேட்கவும் வழியில்லை. இயர்போன் ஒருவழிப் பாதை. எட்டுப் பேர் என்றால் வட்டமாக நிற்கலாம், நிழல் பார்த்து ஒதுங்கலாம், ஒரு பாட்டி உட்காரவேண்டும் என்றால் எல்லோருமே அந்தத் திண்டில் உட்கார்ந்து கதை கேட்கலாம். குடும்பத்திலேயே ஐந்தாறு பேர் இருந்தால் தனியாக உங்களுக்கு மட்டும் என்ன விலை என்றும் கேட்டுப் பாருங்கள். தலைக்கணக்கில் கூட்டிப் பார்த்தால் பல சமயம் பெரிய வித்தியாசம் வராது.

இனி 'எக்ஸ்பர்ட்'. இத்தாலியில் கைடு வேலைக்கு உரிமம் வேண்டும். 2023 டிசம்பரில் வந்த சட்டம் (எண் 190) நாடு முழுமைக்கும் ஒரே தேர்வு, ஒரே பதிவேடு என்று ஆக்கியது. உரிமம் உள்ளவரிடம் அடையாள அட்டை இருக்கும். காட்டச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் உரிமம் என்பது அடிப்படைத் தகுதி. அதற்கு மேல் அவர் என்ன படித்தார், தொல்லியலா கலை வரலாறா, எந்தக் காலத்தில் ஊறியவர் என்பதையும் நான் கேட்பேன். பண்டைய ரோமுக்குத் தொல்லியல் படித்தவர், வத்திக்கானுக்குக் கலை வரலாறு படித்தவர் என்று பிரித்துத்தான் புக் செய்வேன்.

வித்தியாசம் எங்கே தெரியும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது கொலோசியத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிற கான்ஸ்டன்டைன் வளைவு. டிக்கெட் இல்லாமல் வெளியிலிருந்தே பார்க்கலாம். பெரும்பாலான குழுக்கள் 'இது வெற்றி வளைவு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்' என்று இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடும். நானே ரோம் போனபோது ஒரு தொல்லியலாளர் எங்கள் ஏழு பேரை அங்கே இருபது நிமிடம் நிறுத்தி வைத்தார். அண்ணாந்து பார்க்கச் சொன்னார். மேலே வட்ட வட்டமாகச் சிற்பங்கள், வேட்டைக் காட்சிகள். அவை கான்ஸ்டன்டைனுக்கு முன்பிருந்த பேரரசர் ஹாட்ரியன் காலத்தவை. பேரரசரின் முகத்தை மட்டும் பிற்பாடு செதுக்கி மாற்றியிருக்கிறார்கள். அதற்கும் மேலே உள்ள பலகைகள் மார்க்கஸ் ஆரேலியஸ் என்ற இன்னொரு பேரரசர் காலத்தவை. கைதிகள் போல் நிற்கும் சிலைகள் ட்ராஜன் காலத்தவை. வட்டங்களுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பட்டைதான் கி.பி. 315-இல் கான்ஸ்டன்டைனுக்காக வளைவு எழுந்தபோது செதுக்கியது. அதில் ஆட்கள் குட்டையாக, தலை பெரிதாக, வரிசையாக நிற்கிறார்கள். ஒரே சுவரில் இருநூறு வருடத்துக் கைகள். அதைப் பார்த்த பிறகு அந்த ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் இந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

கொலோசியத்தின் வெளிச்சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்கும். குண்டு பட்ட தழும்பு என்று ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கற்களைக் கட்டியிருந்த இரும்புப் பிடிகளை இடைக்காலத்தில் தோண்டி எடுத்துக்கொண்டு போன தடம் அது. இரும்புக்கு அவ்வளவு தட்டுப்பாடு.

வத்திக்கானில் நல்ல கைடு எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. சிஸ்டைன் சேப்பல் என்கிற வழிபாட்டுக் கூடத்துக்குள் கைடு விளக்கம் சொல்ல அனுமதி இல்லை, படமும் எடுக்கக்கூடாது. அதனால் தெரிந்தவர் முன்னதாகவே, வெளியே முற்றத்தில் வைத்திருக்கும் பலகைகள் முன் நிறுத்தி, மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த கூரையையும், இருபது வருடத்துக்கு மேல் கழித்து வந்து வரைந்த 'இறுதித் தீர்ப்பு' சுவரையும் பொறுமையாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே கூட்டிப் போவார். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், கூட்டம் தாங்காது. தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். சுடிதார், புடவைக்குப் பிரச்சினை இல்லை. அரைக்கால் சட்டை போட்ட ஆண்களைத்தான் நிறுத்துவார்கள்.

மூத்தவர்கள் இருந்தால் வழியையும் கேளுங்கள். பழைய ரோமின் தெருக்களில் சாம்பியெத்ரீனி என்கிற கருங்கல் சில்லுகள் பாவியிருக்கும். மழையில் வழுக்கும், முட்டிக்கு ஆகாது. ஃபோரத்தில் நிழல் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் பதினோரு மணிக்கு மேல் அங்கே பெரியவர்களை நடக்கவைப்பது தவறு. காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். தெருவுக்குத் தெரு நசோனி என்ற குடிநீர்க் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மூக்கு நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்னத் துளை வழியாகத் தண்ணீர் வளைந்து வரும், வாய் வைத்துக் குடிக்கலாம். பாட்டில் வாங்கவேண்டியதில்லை.

படி இறங்க முடிந்தவர்களுக்கு நான் விடாமல் சேர்ப்பது சான் க்ளெமென்தே தேவாலயம். மேலே 12-ஆம் நூற்றாண்டுக் கோயில். அதன் கீழே 4-ஆம் நூற்றாண்டுக் கோயில். அதற்கும் கீழே ரோமர் காலத்துக் கட்டடமும், ரோமர் வணங்கிய மித்ரா என்ற கடவுளின் வழிபாட்டு அறையும். 1857-இல் அங்கிருந்த ஐரிஷ் துறவி ஒருவர் தோண்டத் தொடங்கியதால் வெளியே வந்தது. கடைசித் தளத்தில் எங்கோ நீர் ஓடும் சத்தம் கேட்கும். மண்ணுக்குள் இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இருட்டில் முப்பது பேரோடு நின்றால் பேச்சுச் சத்தம்தான் கேட்கும்.

பொள்ளாச்சிக் குடும்பத்துக்கு அன்றிரவே ஒரு தொல்லியலாளருக்கு மெயில் போட்டேன். இரண்டு நாள் கழித்து ஃபோரத்தில் அவருக்கு ஒரு காலை நேரம் காலியாக இருந்தது. மெயிலில் இவர்கள் தென்னிந்தியாவிலிருந்து, பாலக்காட்டுக் கணவாய்க்குப் பக்கத்து ஊரிலிருந்து வருகிறார்கள், ஒருவருக்கு எழுபது வயது, பிள்ளைகளுக்கு பன்னிரண்டும் எட்டும் என்று எழுதினேன். ஒவ்வொரு புக்கிங்கிலும் இப்படி மூன்று வரி எழுதுவேன். உண்மையிலேயே விஷயம் தெரிந்தவர் அந்த மூன்று வரியை வீணாக்க மாட்டார்.

அவர் இவர்களை ஃபோரத்தில் மாக்சென்டியஸ் பசிலிக்கா என்கிற பழைய பெருமண்டபத்தின் மூன்று பெரிய வளைவுகளுக்கு முன்னால் உட்காரவைத்து, இதற்கு அடியில் என்ன இருந்தது தெரியுமா என்று கேட்டிருக்கிறார். பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு. கேரளக் கரையில் முசிறித் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறி, செங்கடல், எகிப்து வழியாக வந்து சேர்ந்த மிளகு. அதற்கு விலையாக ரோமிலிருந்து பொன்னும் வெள்ளியும் புறப்பட்டன. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் தலை பொறித்த வெள்ளிக் காசுகள் கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரிலேயே புதையலாகக் கிடைத்திருக்கின்றன. மருமகன் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அம்முச்சி கேட்டாராம்: "நம்ம பக்கத்து மொளகுங்களா? இத்தனை தூரம் வந்துதா?" அதற்குப் பிறகு அவர் கேள்விகளை நிறுத்தவே இல்லை, நடை முடியவேண்டிய நேரத்துக்கு மேல் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது என்று அந்தத் தொல்லியலாளரே எனக்கு எழுதினார்.

வருகிற கோடைக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்லிவிடுகிறேன். ஷெங்கன் விசா (இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) வருவதற்கு முன், ரத்து செய்தால் பணம் திரும்பாத எந்தக் கைடு நடையையும் புக் செய்யாதீர்கள். அதற்குப் பதில், நல்ல கைடுகளிடம் முன்பே மெயிலில் நாளைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். பலர் முன்பணமில்லாமல் ஒரு வாரம், பத்து நாள் பிடித்துவைப்பார்கள். யார் வருவார், எத்தனை பேர், உள்ளேயும் கூட வருவாரா, சொல்கிற விலையில் டிக்கெட்டும் அடக்கமா, நாங்கள் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற ஐந்துக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே உறுதி செய்துவிடுங்கள். மே, ஜூன் மாதக் காலை நேரங்கள்தான் முதலில் தீர்ந்துபோகும்.