மசாஜ் மெஷின் வேண்டாம், ஏசி சாமான் கடைக்குப் போங்கள்

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று சொன்னால் பாதிப் பேர் "எங்க பையனுக்கு ஒரு வேலை பார்த்துத் தர முடியுமா சார்?" என்கிறார்கள். நோய் வந்த பிறகு ஒருவர் பல் தேய்ப்பது, காபி போடுவது, ரவிக்கை ஹூக் மாட்டுவது, கழிவறை போய் வருவது இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் நான் மற்றவர்களின் சமையலறையிலும் குளியலறையிலும் நின்ற நேரம் கொஞ்சநஞ்சமில்லை.

என்னிடம் வருபவர்களில் நிறையப் பேருக்கு முடக்குவாதம். டாக்டர் சீட்டில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று இருக்கும், எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சரவாங்கி என்பார்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் மூட்டுகளைத் தாக்குகிற நோய், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. விரல் மூட்டு, மணிக்கட்டு, பாதம் என்று சின்ன மூட்டுகளில் பிடித்துக்கொள்ளும். அம்மாவுக்கு இப்படி என்று தெரிந்ததும் வெளிநாட்டில் இருக்கும் மகன் முதல் வேலையாக என்ன செய்கிறான்? பல்லாயிரம் ரூபாய்க்கு ஒரு மசாஜ் மெஷின் வாங்கி அனுப்புகிறான். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் மெஷின்களை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டை மெஷினை வைத்து அதிரவைத்தால் வலி கூடத்தான் செய்யும்.

மதுரையில் ஒரு அக்கா, சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "மருந்து ஒழுங்கா சாப்பிடுறேன் தம்பி, ஆனா காலைல காபி போடுறதுக்குள்ள அழுகை வந்துடுது" என்றார். சரி, நாளைக் காலை ஆறரைக்கு வருகிறேன், வழக்கம்போல போடுங்கள், நான் ஓரமாக நின்று பார்க்கிறேன் என்றேன். இந்த நோயில் எழுந்ததும் விரல்கள் மடங்காது, அந்த இறுக்கம் விட ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அக்கா காபித்தூள் டப்பாவை இரண்டு தொடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கரண்டிக் காம்பை மூடிக்குள் நுழைத்து நெம்பினார். அடுப்புக் குமிழை அமுக்கித் திருப்ப வலது கை முடியாமல் இடது கையின் சுண்டுவிரல் பக்கத்தை வைத்து அழுத்தினார். பால் பொங்கியதும் இடுக்கியால் பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கினார், அந்த இடத்தில்தான் முகம் மாறியது. இடுக்கி என்பது பாத்திரத்தின் மொத்த எடையையும் விரல்கள் விடாமல் இறுக்கிப் பிடித்தால்தான் தாங்கும் சாமான். பிடி தளர்ந்தால் கொதிக்கிற பால் காலில். "இதையெல்லாமா டாக்டர்கிட்ட சொல்லுவாங்க?" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

அன்றைக்கு எழுதிக்கொடுத்த பட்டியல் சின்னது. இரண்டு பக்கமும் காது வைத்த பால் பாத்திரம், இரண்டு உள்ளங்கையாலும் தூக்குகிற மாதிரி. காபித்தூளுக்குக் கட்டைவிரலால் தட்டினால் திறக்கும் டப்பா. திருகு மூடி போட்ட ஊறுகாய் பாட்டிலுக்குப் பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு வளையம் வெட்டி மூடியைச் சுற்றி மாட்டிவிட்டேன், வழுக்காது. உள்ளங்கையை மூடி மேல் வைத்து, தோளிலிருந்து திருப்ப வேண்டும். அப்புறம் அந்தக் கறுப்புக் குழாய்.

ஏசியின் செம்புக் குழாய் மேல் மாட்டுவார்களே, கறுப்பு ஃபோம் குழாய், அது ஏசி உதிரிபாகக் கடைகளில் நூறு ரூபாய்க்குள் ஒரு நீளத் துண்டு கிடைக்கும். விரலளவு ஓட்டை உள்ளதாகப் பார்த்து வாங்கி, நான்கு விரற்கடை நீளத்துக்கு வெட்டி, பல் துலக்கும் பிரஷ், கரண்டி, காய் வெட்டும் கத்தி, பேனா, சீப்பு என்று எல்லாவற்றின் காம்பிலும் சொருகுங்கள். பிடி தடிமனாக இருந்தால் விரல்களை முழுக்க மடக்க வேண்டாம், இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம், மூட்டில் விழும் சுமை அந்த அளவுக்குக் குறையும். இதே தத்துவத்தில் செய்த வெளிநாட்டுக் கரண்டி செட்டுகள் ஆன்லைனில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கின்றன. நல்ல சாமான்தான், ஆனால் அதில் இட்லி சட்டிக்கும் தோசைக்கல்லுக்கும் எதுவும் இருக்காது.

வாங்குவதற்கு முன் நோயின் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள், எந்த அசைவு வலிக்கிறது என்று ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். முறுக்குவது, இறுக்கிப் பிடிப்பது, விரல் நுனியால் கிள்ளுவது, ஒரே கையால் தூக்குவது, தரையிலிருந்து எழுவது, பெரும்பாலும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். துணி பிழிவது முறுக்கல், அதற்கு வாஷிங் மெஷினில் உள்ள ஸ்பின்னர் போதும், கையால் துவைத்தாலும் பிழிவதை மட்டும் அதனிடம் விடுங்கள். உருண்டைத் தலைக் குழாயை மாற்றி நீளமான கைப்பிடி உள்ளதைப் போட்டால் முழங்கையால்கூடத் தள்ளித் திறக்கலாம். இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்க்க வேண்டாம், கேன் வாயில் மாட்டி பட்டனைத் தட்டினால் தண்ணீர் வரும் சார்ஜ் பம்ப் சில நூறு ரூபாய்தான். தேங்காய்க்கு அரிவாள்மனையில் குந்துவதைவிட மேடையில் இறுக்கி மாட்டிச் சுற்றும் துருவி தேவலை, தேங்காயை அழுத்திப் பிடிக்கவே முடியாதவருக்கு அதுவும் வேண்டாம். மாவாட்ட டில்டிங் கிரைண்டர் வாங்கினால் கல்லைத் தூக்க வேண்டியதில்லை. கடை மாவு வாங்குவதும் என் கணக்கில் உதவிச் சாதனம்தான், மாமியார் என்ன சொல்வார் என்பது என் துறைக்கு வெளியே.

மாத்திரைக்குக் கிழமை போட்ட ஏழு அறை டப்பா வாங்கச் சொல்வேன், இதில் கொஞ்சம் கவனம் தேவை. இந்த நோய்க்கு அதிகம் எழுதப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. தவறிப்போய்த் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால் டாக்டர் சொன்ன கிழமை அறையில் மட்டும் அது இருக்க வேண்டும், அட்டையின் மேலும் அந்தக் கிழமையைப் பெரிதாக எழுதி வையுங்கள். டப்பாவைக் கடையிலேயே திறந்து பார்த்து வாங்குங்கள். நகத்தால் நெம்பித் திறக்கும் மூடிதான் பாதி டப்பாக்களில், யாருக்காக வாங்குகிறோமோ அவராலேயே திறக்க முடியாது.

குளியலறையில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கால் பிடிப்பு உறுதியான ஸ்டூல் ஒன்று, உட்கார்ந்து குளிக்க. வீட்டில் தரையோடு உள்ள கழிப்பறை மட்டும் இருந்தால் அதன்மேல் வைக்கும் கமோடு நாற்காலி. உயரம் கூடக்கூட எழுவது சுலபம். கைப்பிடிக் கம்பியைச் சுவரில் துளை போட்டு, ஸ்க்ரூ அடித்துத்தான் மாட்ட வேண்டும். ரப்பர் கப் வைத்து அமுக்கி ஒட்டுகிற கைப்பிடி ஈர டைல்ஸில் எப்போது கழலும் என்று சொல்ல முடியாது. துண்டு போடும் கம்பியும் ஆளைத் தாங்காது.

செம்பு வளையல், காந்தப் பட்டை இரண்டும் வாங்காதீர்கள் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தினர் முடக்குவாதம் உள்ள 70 பேரிடம் இவற்றைப் போட்டுப் பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். வலியிலும் வீக்கத்திலும் போலி வளையலைவிடப் பெரிதாக எந்தப் பலனும் இல்லை. அழகுக்குப் போடுங்கள், தடுக்க மாட்டேன், மருந்தை நிறுத்திவிட்டுப் போடாதீர்கள்.

பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. "நாங்க செஞ்சு தர மாட்டோமா? இதெல்லாம் எதுக்கு?" என்று வீட்டில் பாசமாகக் கேட்பார்கள். செய்து தருவார்கள்தான், ஆனால் ஆறரை மணிக்குத் தன் காபியைத் தானே போட்டுக்கொள்ள நினைப்பவருக்கு அது பதில் இல்லையே. அந்த அக்காவின் வீட்டுக்காரரே ஃபோம் மாட்டிய கரண்டியைப் பார்த்து முகம் சுளித்தார். ஒரு மாதம் கழித்துப் போனபோது அவருடைய பேனாவிலும் ஒரு துண்டு இருந்தது, நான் கேட்கவில்லை.

காசு போட முடியாதவர்கள் கவனிக்க: ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவச் சான்று இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவி உபகரணங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் அலிம்கோ நிறுவனம் நடத்தும் அளவெடுப்பு முகாம்களும் வரும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தால், பயிற்சி முடிந்ததும் குளியலறையையும் ஒரு தடவை காட்டி, எங்கே கம்பி மாட்டலாம் என்று கேளுங்கள். ஊன்றுகோல் தருகிறார்கள் என்றால் வழக்கமாகப் போடும் செருப்போடு போய் நிற்க வேண்டும், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை எங்கே இருக்கிறதோ அதுதான் கைப்பிடி உயரம். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். மணிக்கட்டே வீங்கியிருக்கிறது என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், வளைந்த கைப்பிடிக்குப் பதில் உள்ளங்கை முழுக்கப் பதியும் அகலக் கைப்பிடி கேட்க வேண்டும்.