ரியல் டைம்: நிகழ்நேரமா, கெடுநேரமா?

மண்டபம் ஊரில் இருக்கும் அக்கா மகன் கல்லூரிக்காக ஒரு நிரல் எழுதினான். பாம்பன் பக்கத்துக் காற்று வேகத்தை இணையத்திலிருந்து இழுத்து சராசரி சொல்லும் சின்ன நிரல். லினக்ஸ் இயங்குதளத்தில், நேரத்தை அளக்கும் ‘டைம்’ கட்டளையோடு ஓட்டியதும் மூன்று வரி வந்தது: ரியல் 8.4 நொடி, யூசர் 1.2, சிஸ் 0.3.

“ரியல்தான் உண்மை நேரம்னா மத்த ரெண்டும் பொய்யா மாமா?”

கேள்வி நியாயம்தான். இங்கே ரியல் என்பது சுவர்க் கடிகாரக் கணக்கு. தொடங்கியதிலிருந்து முடியும்வரை கழிந்த நேரம். யூசர், பிராசசர் அவனுடைய நிரலை ஓட்டியதற்கு ஆனது. (செயலி என்று எழுதினால் ஆப் என்று நினைத்துவிடுவார்கள்.) கோப்பைத் திற, நெட்வொர்க்கில் கேள் என்று நிரல் கேட்ட வேலைகளை இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் செய்து கொடுத்தது சிஸ்.

விசைப்படகுக் கணக்கில் சொன்னேன். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கப் போனதிலிருந்து கரை திரும்பும்வரை ரியல். வலையோடு மல்லுக்கட்டியது யூசர். டோக்கன் எழுதிக் கொடுக்க ஆபீசில் ஆனது சிஸ். வரிசையில் நின்றதும், மீன் படக் காத்துக் கிடந்ததும் இரண்டிலும் சேராது. அவன் நிரலின் மீதி 6.9 நொடி பெரும்பாலும் அப்படிப் போனதுதான். பிராசசருக்குள் இருக்கும் கோர் என்ற கணக்கிடும் பகுதிகள் நாலு சேர்ந்து உழைத்தால் யூசர் ரியலைத் தாண்டலாம். நாலு பேர் ஒரு மணி நேரம் வலை இழுத்தால் நாலு ஆள்மணி இல்லையா?

யூசர் டைமைப் ‘பயனர் நேரம்’ என்கிறோம். எனக்கு ஒட்டவில்லை. பயனர் என்றால் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள். இந்த யூசரோ, சாதாரண நிரல்கள் ஓடும் பிராசசர் நிலையின் பெயர். நிரல் நேரம், கர்னல் நேரம், கழிந்த நேரம் என்றால் மூன்றும் தெளிவு.

ரியல் டைம் சிஸ்டம் வேறு சங்கதி. நிரலைத் துளையிட்ட அட்டைக் கட்டாகக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருந்த காலத்தில், 1951-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் விர்ல்விண்ட் கணினி ஓடத் தொடங்கியது. விமானிப் பயிற்சிக்கென்று ஆரம்பித்த திட்டம் அது. விமானி கைப்பிடியை அசைத்தால் அப்போதே பதில் வர வேண்டும். கணினி வெளியுலகக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

தமிழில் ‘நிகழ்நேரம்’. அழகான வினைத்தொகை: நிகழ்ந்த, நிகழ்கின்ற, நிகழும் நேரம். ரயில் இப்போது எங்கே வருகிறது என்று காட்டப் பொருத்தம். ஆனால் இந்த அமைப்புகளின் உயிர் கெடுவில் இருக்கிறது. புயல் கரையைக் கடந்த பிறகு பாம்பன் துறைமுகத்தில் 10-ம் எண் கூண்டு ஏற்றினால், எண் சரி, கூண்டு வீண். காரின் ஏர்பேக்கும் அப்படித்தான்; அதைக் கடுங்கெடு எனலாம். வீடியோ காலில் ஒரு காட்சி தவறினால் பொறுத்துக்கொள்வோம், அது தளர்கெடு. வேகத்துக்கும் இதற்கும் பெரிய உறவில்லை. லினக்ஸ் 6.12-ல், 2024-ல், கர்னலோடு சேர்ந்த ரியல் டைம் வசதியைப் போட்டால் மொத்த வேகம் குறையக்கூடச் செய்யலாம். கெடு தவறாமல் இருப்பதற்குத்தான் அது.

ஆகவே ‘கெடுநேர அமைப்பு’ என்றேன்.

“ராகுகாலம் மாதிரி இருக்கு மாமா. எந்தப் படகு கிளம்பும்?”

ரெக்கார்டு நோட்டில் நிகழ்நேரம் என்றே எழுதினான். அப்புறம் பார்த்தால், ஓரத்தில் பென்சிலால் ‘கெடுவுக்குள்’ என்றும் இருந்தது.