கஞ்சா மூச்சை நிறுத்தாதது ஏன்?

"உப்பைவிடக் கஞ்சாவில் விஷம் குறைவு என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறதே, உண்மையா?" என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்.

கிராம் கணக்கில் பார்த்தால் பொய். ஒரு பொருளைக் கொடுத்தால் பாதி எலிகள் செத்துப்போகும் அளவுக்கு எல்டி50 என்று பெயர். எலியின் ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். வாய்வழியாகக் கொடுத்தால், சாராயத்தின் எத்தனாலுக்கு இது சுமார் 7 கிராம், சமையல் உப்புக்கு 3 கிராம், கஞ்சாவில் போதை தரும் டிஎச்சிக்கு ஏறத்தாழ 1 கிராம், காஃபீனுக்கு 0.2 கிராம். இந்த வரிசையை அப்படியே நம்பினால் காபியைவிடச் சாராயம் நல்லது என்றாகிவிடும். போதை ஏறும் அளவுக்கும் உயிர் போகும் அளவுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். சாராயத்தில் அது ஏறக்குறைய பத்து மடங்குதான். டிஎச்சி 10 மில்லிகிராமிலேயே தலையைக் கிறங்கடித்துவிடும். கொல்லும் அளவோ ஆயிரம் மடங்குக்கும் அப்பால் என்பது மதிப்பீடு.

ஏன் இவ்வளவு தூரம்? இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சாராயமோ ஹெராயினோ அளவு மீறினால் பெரும்பாலும் மூச்சை அடக்கித்தான் கொல்கின்றன. மூளைத்தண்டின் அடியில், முகுளத்தில், ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. நாம் தூங்கும்போதும் மூச்சு தாளம் தப்பாமல் ஓடுவது அதனால்தான். ஹெராயினுக்கான ஏற்பிகள், அதாவது அது வந்து ஒட்டிக்கொண்டு வேலை காட்டும் புரதங்கள், அந்த இடத்திலேயே இருக்கின்றன. சாராயம் மூளை முழுக்கப் பரவி மந்தமாக்குவதால் முகுளமும் தப்புவதில்லை. டிஎச்சி போய் ஒட்டுவது சிபி1 என்ற ஏற்பியில். அது மூளையில் எங்கெங்கே இருக்கிறது என்று 1990இல் அமெரிக்க விஞ்ஞானி மைல்ஸ் ஹெர்கன்ஹாமின் குழு வரைபடம் போட்டது. மனிதன், குரங்கு, நாய், எலி எனப் பல மூளைகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய, சிபி1இல் ஒட்டக்கூடிய ஒரு வேதிப்பொருளில் ஊறவைத்து, கதிர்வீச்சு பட்டால் கறுக்கும் பிலிமோடு சேர்த்து வைத்தார்கள். ஏற்பி இருந்த இடமெல்லாம் பிலிம் கறுத்தது. நினைவைக் கவனிக்கும் ஹிப்போகேம்பஸ் அடர்ந்த கறுப்பு. கஞ்சா அடித்தவருக்குச் சொல்ல வந்தது பாதியில் மறந்துபோவது இதனால்தான். உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையும் கறுப்பு. மூச்சையும் இதயத்தையும் பார்த்துக்கொள்ளும் முகுளமோ வெளிறிக் கிடந்தது!

அப்புறம், டிஎச்சி சிபி1ஐ அரைகுறையாகத்தான் முடுக்கும்; அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. 'ஸ்பைஸ்' என்ற பெயரில் விற்கும் செயற்கைச் சரக்கில் இருப்பவை பெரும்பாலும் அதே ஏற்பியை முழு வேகத்தில் முடுக்கக்கூடியவை. அவற்றால் மரணங்கள் நடந்திருக்கின்றன.

எல்டி50 செத்ததா பிழைத்ததா என்பதை மட்டும்தான் சொல்லும். வளரும் வயதில் தினமும் அடித்தால் நினைவுக்கும் படிப்புக்கும் என்ன ஆகும், மனச்சிதைவு வரும் வாய்ப்பு எவ்வளவு கூடும் என்பதெல்லாம் அந்த எண்ணில் கிடையாது. 'சிவமூலி, இயற்கை மூலிகை, கெடுதல் செய்யாது' என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன், எட்டிக்காயும் இயற்கைதான். 'ஒரு தடவை அடித்தாலே செத்துவிடுவாய்' என்று பள்ளியில் பயமுறுத்துவதும் தப்பு. அது பொய் என்று தெரிந்த அன்றே பையன் மிச்ச எச்சரிக்கைகளையும் தள்ளிவிடுவான். பிடிபட்ட கஞ்சாவை மூட்டை மூட்டையாக அடுக்கிப் படம் எடுக்கும் அரசு, நம் ஊர்ப் பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் அந்த வெளிறிய முகுளத்தை நம்பக் கூடாது. அமெரிக்காவில் டிஎச்சி கலந்த மிட்டாயைத் தெரியாமல் தின்ற சின்னக் குழந்தைகள் சிலர் நினைவிழந்து, மூச்சு மந்தமாகி, தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போயிருக்கிறார்கள்.