ஊமைக்குத்து: மைக்ரோஅக்ரஷனுக்கு ஒரு தமிழ்ச் சொல்

வகுப்பு முடிந்ததும் வெள்ளை மாணவர் ஒருவர் பேராசிரியரிடம் வருகிறார். பாடத்தை எப்படி நடத்த வேண்டும், நாற்காலிகளை எப்படிப் போட வேண்டும் என்று அவருக்கே சொல்லித் தருகிறார். ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் இதே கதைதான். பேராசிரியர் கறுப்பினத்தவர். மாணவர் திட்டவில்லை, கையும் ஓங்கவில்லை. யாரிடமாவது சொன்னால், "இதில் என்ன இருக்கிறது?" என்றுதான் கேட்பார்கள்.

ஹார்வர்டில் கல்வியியலும் உளமருத்துவமும் கற்பித்த செஸ்டர் பியர்ஸ் தன் வகுப்பில் நடந்ததாக எழுதியது இது. மாணவர் என்ன சொன்னார் என்பதைவிட, சொன்ன தோரணைதான் அவரைத் தைத்தது. பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்தாலும் எதிரிலிருப்பவரைத் தாழ்த்தும் இப்படிப்பட்ட நடத்தைக்கு 1970இல் அவர் வைத்த பெயர் மைக்ரோஅக்ரஷன். 2007இல் உளவியலாளர் டெரால்ட் விங் சூவும் உடன் ஆய்வாளர்களும் அதை வகைப்படுத்தி விரித்து எழுதிய பிறகு சொல் எங்கும் பரவியது.

'மைக்ரோ' கிரேக்கம்: சிறியது. 'அக்ரஷன்' லத்தீன் வழி வந்தது. ஒருவரை நோக்கி அடியெடுத்து வைப்பது, அதாவது பாய்வது. சரி, தமிழில்?

'நுண்வன்முறை' என்றால் அடிதடிதான் நினைவுக்கு வருகிறது. 'நுண்வன்மம்' இன்னும் பொருந்தாது. வன்மம் என்பது மனதில் வைத்துக் கறுவுவது. இதைச் செய்பவருக்கோ பல நேரம் தான் செய்வதே தெரியாது. 'சீண்டல்' விளையாட்டாகிவிடும். ஆய்வுக் கட்டுரைக்கு 'நுண்தாக்குதல்' போதும்.

எனக்கு மனதுக்கு நெருக்கமான சொல் ஊமைக்குத்து. வெளியே காயம் தெரியாது, உள்ளே கன்றிப்போயிருக்கும். வெள்ளையர் நிறைந்த பல்கலைக்கழகத்தில் கறுப்பின ஆண் பேராசிரியரின் நிலைக்கு இந்தச் சொல் இன்னொரு விதத்திலும் பொருந்துகிறது. "நீங்களா பேராசிரியர்?" என்று புருவம் உயர்த்துபவரிடம் அவர் குரலை உயர்த்த முடியாது. உயர்த்தினால் 'கோபக்காரக் கறுப்பர்' என்ற முத்திரை தயாராக இருக்கிறது. ஆகவே டையைச் சரிசெய்துகொண்டு, மெல்லச் சிரித்து, "ஆமாம், நான்தான்" என்கிறார். குத்தும் ஊமை, குத்துப்பட்டவரும் ஊமை.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பியர்ஸ் பேசியது ஒரே ஒரு குத்தைப் பற்றியல்ல. நாள் தவறாமல் விழுந்து சேர்ந்துகொண்டே போகும் குத்துகளைப் பற்றி. அதனால் இதைப் பன்மையில் எழுதுவதே சரி: ஊமைக்குத்துகள்.